செல்வி ஏன் கடைசிப் படி என்றாள்

கணக்கெடுக்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒரு பெண் போன வாரம் எனக்கு போன் செய்தாள். ஓய்வு பெற்றவளை இன்னும் அலுவலக விஷயமாகக் கூப்பிடுகிறார்களே என்று ஒரு நிமிடம் மனம் குளிர்ந்தது. கூப்பிட்டது புகார் சொல்ல.

"மேடம், ஊருக்கு வெளியில அந்தக் கட்டடத்துல யாரைக் கேட்டாலும் கடைசிப் படிங்கறாங்க. பேசி வெச்சுக்கிட்டு ஏமாத்தறாங்க. ஒரு அம்மா பேரனை மடியில வெச்சுக் கொஞ்சிக்கிட்டே கடைசிப் படின்னு சொல்றாங்க. முகமெல்லாம் சிரிப்பு. இதை நான் என்னன்னு போடறது?"

அந்த அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டேன். செல்வி என்றாள். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன், மற்றவர்களும் படித்துக்கொள்ளுங்கள்.

ஏணிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீங்கள் ஏணிப் படத்தை டேப்லெட்டில் காட்டுகிறீர்கள், நாங்கள் அட்டையில் காட்டினோம். மேல்படி, நினைத்தபடி அமைந்த வாழ்க்கை. கடைசிப் படி, யாருக்கும் வரக்கூடாத வாழ்க்கை. நடுவில் மற்ற படிகள், மொத்தம் பத்து, கீழிருந்து எண் போட்டது. இதில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்? முன்பின் தெரியாத ஒருவரின் வாசலில் செருப்புக் காலோடு நின்று இதைக் கேட்கிறோம். ஒரு மனிதரின் சந்தோஷத்தை இதைவிட மரியாதைக் குறைவாக விசாரிக்க முடியாது என்பது என் அபிப்பிராயம். வேலையில் இருந்த காலமெல்லாம் அதைத்தான் விசாரித்தேன். சம்பளமும் வாங்கினேன்.

அந்த வருஷம் நகரத்தின் சந்தோஷத்தை அளக்கிற வேலை எங்கள் நிறுவனத்துக்கு வந்தது. மயிலாப்பூரில் ஒரு பழைய ஃபிளாட்டில் ஒரு மாமியிடம் அட்டையை நீட்டினேன். "நன்னா இருக்கோம், ஒரு குறையும் இல்லை" என்று ஆரம்பித்து, பிள்ளை, பெண், பேரக் குழந்தைகள் என்று கால் மணி நேரம் பெருமை. அப்படியானால் மேல்படிதானே என்றேன். மாமி குரலைத் தாழ்த்தினார்.

"நடுவுல போட்டுக்கோடிம்மா. மேல போட்டா கண் படும். கீழ போட்டா குடுத்த பகவானுக்கு அடுக்காது."

உள்ளே இருந்து மாமா வந்தார். "அவளை ஏன் கேக்கறே? சந்தோஷம்னா என்னங்கறதை முதல்ல நிச்சயம் பண்ணிண்டுன்னா கேக்கணும்" என்று உட்கார்ந்தார். சுகம் வேறு, நிம்மதி வேறு, திருப்தி வேறு, ஆனந்தம் வேறு என்று கறிகாய் நறுக்குவது போல் பிரித்து வைத்தார். காபி ஆறிப்போனது. சரி மாமா, நீங்கள் எந்தப் படி என்றேன். அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "அவ சொன்னதையே எனக்கும் போட்டுக்கோ" என்றார்.

தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடைப் பெண். காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே புடவையைப் பிரித்துக் காட்டும் வேலை. சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் பிடித்தேன். ஏணியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல உக்காரலாமாக்கா?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

வேளச்சேரியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே எட்டு என்றார். நன்றி சொல்லிவிட்டு லிஃப்ட் வரை போய்விட்டேன். பின்னாலேயே வந்தார். "எங்க ஃப்ளோர்ல மத்தவங்க எல்லாம் எவ்ளோ சொன்னாங்க?" அதைச் சொல்லக் கூடாது சார் என்றேன். கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஏழு போட்டுக்கங்க."

இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. மெய் சொன்னார்களா என்றால் அதுவும் தெரியவில்லை. கேட்கும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள், யார் இருப்பதாக அவர்கள் நினைத்தார்கள், அதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. மாமிக்குப் பக்கத்தில் பகவான் இருந்தார், கம்பெனிக்காரருக்கு எதிர் ஃபிளாட். வாசலில் நின்றதும் டேப்லெட்டை எடுக்காதீர்கள், அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். இந்த ஒரு புத்திமதி போதும் என்று நினைத்திருந்தேன். செல்வி விஷயத்தில் அதுவும் போதவில்லை.

அப்போது எங்களுக்குத் தலைவராக இருந்தவர் தத்துவம் படித்தவர். வேலை தொடங்குமுன் ஆழ்வார்பேட்டை அலுவலகத்தில் எங்களை உட்கார வைத்து, மகிழ்ச்சி என்றால் என்ன என்று ஒவ்வொருவரையும் கேட்டார். பிள்ளை பாஸாவது என்றார் ஒருவர். யாரும் எழுப்பாமல் தூங்குவது என்றேன் நான். எல்லாவற்றையும் பலகையில் எழுதிவிட்டு எல்லாவற்றையும் அழித்தார். 'ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்வதுதான் மகிழ்ச்சி' என்று எழுதினார். அடுத்தவர் சந்தோஷம் அவரைவிட நமக்கு நன்றாகத் தெரியும் என்று நினைப்பது அகம்பாவம் என்றார். அந்த வாக்கியத்தில் இன்றுவரை எனக்குத் தப்பு கண்டுபிடிக்கத் தெரியவில்லை. என் எரிச்சலே அதுதான்.

இனி செல்வி கதைக்கு, அதாவது ஒரு வேன் கதைக்கு வருகிறேன். அடையாற்றுக் கரையில் குடிசை போட்டிருந்த குடும்பங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடி கட்டி அனுப்பினார்கள் அல்லவா, அவர்களில் பல பெண்கள் மந்தைவெளியிலும் அடையாற்றிலும் வீட்டு வேலை செய்பவர்கள். வீடு அங்கே போய்விட்டது, வேலை இங்கேயே நின்றுவிட்டது. ஒரு தர்ம ஸ்தாபனம் அவர்களுக்காக ஒரு வேன் விட்டது. விடிவதற்குள் கட்டடத்து வாசலில் ஏற்றி, அவரவர் தெருமுனையில் இறக்கிவிடும். மத்தியானம் திரும்பக் கூட்டிப்போகும்.

செல்வி அந்த வேனில் வந்தவள். மந்தைவெளியில் என் வீட்டுக்கு மேல் மாடியில் பாத்திரம் தேய்த்தாள், அடையாற்றில் ஒரு வீட்டில் சமையல். புருஷன் இல்லை, தீபா என்று ஒரே பெண். படியில் பார்க்கும்போது நின்று பேசுவாள். "வண்டி வந்தப்பறந்தான்கா கண்ணு எரியாம கீது" என்பாள். வேன் வருவதற்கு முன் இரண்டு பஸ் மாறி வந்தவள், பாதி நாள் நின்றுகொண்டே தூங்கியிருக்கிறாள்.

நகரத்தை அளக்கிற அந்த வேலையோடு சேர்த்து ஸ்தாபனத்தார் எங்களிடம் கேட்டது இதுதான்: அந்தக் கட்டடத்து மக்கள் புது இடத்தில் சந்தோஷமாகிவிட்டார்களா? ஆகிவிட்டார்கள் என்றால் வேனை வேறு ஊருக்கு அனுப்பலாம். இல்லை என்றால் இங்கேயே ஓடட்டும். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. அடுப்பு எரிகிற வீட்டுக்கு ஏன் விறகு என்கிற மாதிரி.

வேலைக்குப் போகிற பெண்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். நான் மேற்பார்வை, கேட்பதற்கு இரண்டு பெண்கள். கட்டடத்துக்குள் நுழையும்போதே ஏதோ வித்தியாசமாக இருந்தது. மாடிப்படி கழுவி விட்டிருந்தது. நடையில் காயும் துணி எதுவும் இல்லை. எல்லோரும் நல்ல புடவையில் இருந்தார்கள். எங்கிருந்தோ கேசரி வாசனை.

முதல் கதவில் மேல்படி. அடுத்த கதவில் மேல்படி. முந்தின மாதம் வீடுகளைக் கணக்கெடுக்க வந்தபோது தண்ணீர் வரவில்லை என்று என் முகத்துக்கு நேரே கத்திய பெண்மணி, "தண்ணியா? பேஷா வருது" என்றார். ஒரு கிழவி, "இன்னா குறை எங்களுக்கு? ராஜாத்தி மாரி கீறோம்" என்றாள். லிஃப்ட் ஓடுகிறதா என்று என்னோடு வந்த பெண் கேட்டாள். "சூப்பரா ஓடும். இன்னிக்கு ஒரு நாள்தான் மக்கர் பண்ணிக்கினு கீது" என்று பதில் வந்தது. லிஃப்ட் கதவில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

நடை திரும்பியதும் விளங்கிவிட்டது. செல்வி வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டுடையது. நான்கு மாடி ஏறிய மூச்சு இன்னும் அடங்காத ஓர் அம்மாள் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் தாயார். உள்ளே தீபா தலைநிறையப் பூவோடு நின்றாள். மாப்பிள்ளை வீட்டார் சைதாப்பேட்டைக்காரர்கள். பையனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. பெண் வளர்ந்த இடம் எப்படி, கூப்பிட்டால் நாளைக்கு நம்மவர்கள் இங்கே வந்து போக முடியுமா என்பதுதான் தாயாரின் சந்தேகம். நாங்கள் கதவு கதவாகக் கேட்ட கேள்வி ஒவ்வொன்றும் அவர் காதில் விழுந்துகொண்டிருந்தது. சம்பந்தம் பேச வந்தவருக்கு ஓசியில் விசாரணை நடத்திக் கொடுத்திருக்கிறோம். அவர் என்னைப் பார்த்து, "எல்லாரும் நல்லாத்தான் சொல்றாங்களாம்மா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? அந்த நேரத்தில் கேள்வியை நிறுத்தினால் ஏன் நிறுத்தினார்கள் என்ற பேச்சு வரும். நம்மால் ஒரு பெண்ணின் கல்யாணம் கெட வேண்டாம், இன்று கேட்டதை ஒதுக்கிவிட்டு வேறொரு நாள் வரலாம் என்று முடிவு செய்தேன். அந்த முடிவு சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். உங்களில் யாருக்கு அந்த நிலை வந்தாலும் அதையே செய்யுங்கள்.

செல்வியிடமும் அட்டையை நீட்ட வேண்டியிருந்தது. என்னைத் தெரிந்த மாதிரி அவள் காட்டிக்கொள்ளவில்லை. நடை முழுக்கத் தலைகள். கரையிலிருந்து ஒன்றாக வந்தவர்கள், ஒருவரோடொருவர் குழாயடியில் மயிரைப் பிடித்துக்கொள்கிறவர்கள், அன்றைக்குச் செல்வியின் பெண்ணுக்காகக் கழுவி, துடைத்து, நாற்காலி கொடுத்து, வாய் கூசாமல் பொய்யும் சொல்லியிருந்தார்கள். அவள் அவர்களை ஒரு முறை பார்த்தாள். மேல்படியில் விரலை வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

திங்கட்கிழமை தலைவரிடம் போனேன். அந்தக் கட்டடத்துப் பதில்களை எடுத்துவிட்டு மறுபடி போக வேண்டும் என்றேன். ஏன் என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அந்த அம்மா விரலை வெச்சப்ப சந்தோஷமா இருந்தாங்களா, இல்லையா? நீங்கதானே பாத்தீங்க?"

"இருந்தாங்க சார். ஆனா..."

"மயிலாப்பூர் மாமி கண் படும்னு குறைச்சுச் சொன்னாங்க. அதை எடுத்துக்கிட்டீங்க. இவங்க மானத்துக்காகக் கூட்டிச் சொன்னா எடுத்துக்க மாட்டீங்களா? ஏழை சந்தோஷமா இருக்கேன்னு சொன்னா மட்டும் உங்களுக்கு நம்பிக்கை வரலையே, அது ஏன்?"

அவர் கேட்டதில் பாதி உண்மை இருந்தது. பாதி உண்மையோடு சண்டை போடுவதுபோல் கஷ்டமான வேலை எதுவும் கிடையாது. மறுபடி போக நாளும் இல்லை என்றார். ஸ்தாபனத்தார் கூட்டத்துக்கு வாருங்கள், அங்கே உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்றார்.

கூட்டம் அடையாற்றில் குளிர்சாதன அறையில் நடந்தது. சந்தோஷப் பட்டியலில் மயிலாப்பூர், வேளச்சேரி எல்லாவற்றையும்விட அந்தக் கட்டடம் மேலே நின்றது. பருத்திப் புடவை கட்டிய ஓர் அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எவ்வளவு கம்மியா இருந்தும் எவ்வளவு நிறைவு பாருங்க. நாமதான் அவங்ககிட்ட கத்துக்கணும்" என்றார். நான் எழுந்தேன். அன்று பெண் பார்க்க வந்திருந்தார்கள், ஒரு பெண்ணின் கல்யாணத்துக்காகக் கட்டடமே சேர்ந்து அப்படிச் சொன்னது, இதை நம்பி வேனை நிறுத்தாதீர்கள் என்றேன். பிறகு அந்த அம்மையார் மலர்ந்து போனார்.

"அடடா, எவ்வளவு ஒத்துமை. இதையும் அறிக்கையில சேர்த்துக்கணும்."

சேர்த்தார்கள். அண்டை வீட்டார் ஒற்றுமை என்று தனியாகக் கட்டம் கட்டிப் போட்டார்கள். நான் மறுப்பதற்காகச் சொன்னது நிரூபணத்துக்கு அலங்காரமாகிவிட்டது. யாரும் கெட்டவர்கள் இல்லை. நல்ல காபி கொடுத்தார்கள். இதைவிட அதிகம் கஷ்டப்படுகிற இடத்துக்கு வேன் போகட்டும் என்று நல்ல மனதோடு முடிவு செய்தார்கள். அம்மையார் காரில் ஏறி வீட்டுக்குப் போனார்.

வேன் நின்றது. செல்வி பழையபடி பஸ் மாறி வந்தாள். அடையாற்று வீட்டில் காலை டிபனுக்கு ஆள் வந்து சேரவில்லை என்று வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். என் மேல் மாடியில், நேரம் கழித்து வருகிறாள் என்று தினமும் முணுமுணுப்பு. தீபாவின் கல்யாணம் மட்டும் நல்லபடியாக நடந்தது. அந்த மட்டில் கட்டடம் சொன்ன பொய் வீண்போகவில்லை.

ஒரு மத்தியானம் மந்தைவெளி பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். தூணில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். வேன் ஏன் நின்றது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, டீசல் விலை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன். ஏணி, மேல்படி, கூட்டம், எல்லாவற்றையும் சொன்னேன். தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறாள் என்று தோன்றியும் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை.

"எல்லாரும் எனக்கோசரம் பொய் சொன்னாங்க, செரி. நான் பொய் சொல்லலக்கா. மெய்யாலுமே அன்னிக்கு சந்தோஷமாத்தான் கீந்தேன். அவரு பூட்டப்பறம் அப்டி ஒரு நாள் எனக்கு வந்ததில்ல. எங்க ஜனம் மொத்தமும் எம் பொண்ணுக்காக வந்து நின்னுச்சு."

"தெரியும் செல்வி."

"அதுக்கும் வண்டிக்கும் இன்னாக்கா? சந்தோஷமா கீறவ வேலைக்குப் போவ வேணாமா? அவளுக்குக் கால் வலிக்காதா?"

தத்துவம் படித்தவரும் மயிலாப்பூர் மாமாவும் நானும் எத்தனையோ மணி நேரம் பேசியிருக்கிறோம். இந்தக் கேள்வி எங்கள் யாருக்கும் வரவில்லை. மகிழ்ச்சி என்றால் என்ன என்று தேடினோமே தவிர, மகிழ்ச்சியாக இருப்பவருக்கு இனி ஒன்றும் தேவையில்லை என்று நாங்களாகவே எப்போது முடிவு செய்தோம் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. பலகையில் எழுதின வாக்கியத்தில் தப்பு இருக்கவில்லை. அதற்கு அடுத்ததாக, எழுதாமலே எல்லோரும் ஒப்புக்கொண்ட வாக்கியத்தில்தான் தப்பு இருந்தது.

பஸ் வந்தது. கூட்டம். செல்வி பையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். ஏறுவதற்கு முன் திரும்பி, "அப்ப அடுத்த தபா வந்து கேட்டா அழுது காமிக்கணுமா?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள். எப்படிச் சொன்னால் பறிபோகாது என்று கேட்டாள்.

என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் எனக்குத் தெரியாது. பஸ் கிளம்பிவிட்டதால் தப்பித்தேன். ஆனால் அவள் கட்டடத்தில் போய்ச் சொல்லியிருக்கிறாள் என்று போன வாரம் தெரிந்துகொண்டேன்.

போன் செய்த பெண்ணுக்கு: அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்றாய். சரிதான், ஏமாற்றுகிறார்கள். ஒரு தடவை மேல்படி என்று சொன்னதற்கு வண்டியை எடுத்துக்கொண்டோம். இப்போது செல்வியின் மடியில் தீபாவின் பிள்ளை இருக்கிறான். டேப்லெட்டோடு நம் ஆட்கள் மறுபடியும் வாசலில் வந்து நிற்கிறார்கள். அவள் வேறென்ன சொல்வாள் என்று எதிர்பார்த்தாய்? அவள் சொன்னபடியே கடைசிப் படி என்று போட்டுக்கொள். பேரனைக் கொஞ்சிக்கொண்டே சிரித்ததை எழுதாதே.